ராமைப் பிடித்து வைத்திருக்கும் ஷேர்டு மெமரி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

லினக்ஸ் சர்வரில் மெமரி தீர்ந்துவிட்டது என்று நடு ராத்திரியில் அலர்ட் வந்தால் எல்லோரும் முதலில் டாப் கமாண்டைத்தான் ஓட்டுகிறார்கள். உச்சியில் நிற்கும் பிராசஸைக் கொல்கிறார்கள். மெமரி திரும்பி வருவதில்லை. அடுத்ததைக் கொல்கிறார்கள். கடைசியில் ரீபூட். காலையில் "ஏதோ மெமரி லீக்" என்று ரிப்போர்ட் எழுதி முடித்துவிடுகிறார்கள். பல நேரங்களில் அது லீக்கே இல்லை, ஷேர்டு மெமரி.

விஷயம் இதுதான். டிஸ்கில் இருக்கும் ஃபைலின் பேஜ் என்றால், இடம் தேவைப்படும்போது கெர்னல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு வேண்டுமானால் மறுபடி டிஸ்கிலிருந்து படித்துக்கொள்ளும். ஷேர்டு மெமரிக்கு டிஸ்கில் மூலப் பிரதி கிடையாது. சிஸ்டம்-ஃபைவ் செக்மெண்ட், போசிக்ஸ் ஷேர்டு மெமரி, மெம்எஃப்டி, டெம்ப்எஃப்எஸ் என்று பெயர்கள்தான் வேறு; கெர்னலுக்குள் இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஷ்மெம் என்ற ஒரே பகுதி. இந்தப் பேஜ்களை வெளியேற்றக் கெர்னலுக்கு இருக்கும் ஒரே வழி ஸ்வாப். ஸ்வாப் இல்லையென்றால் ரீக்ளெய்ம் எவ்வளவு முட்டினாலும் அவை நகராது. குழப்பத்தைக் கூட்டுவதுபோல, கணக்கில் மட்டும் இவை "கேச்" என்ற தலைப்பில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இன்னொன்று. இது கூட்டுப் பட்டா நிலம் மாதிரி. பங்காளி ஒருவர் போய்விட்டால் நிலம் காலியாகிவிடாது.

செய்ய வேண்டியவை

ஃப்ரீ கமாண்டில் "ஷேர்டு" எண்ணை முதலில் பாருங்கள். பலரும் "பஃப்/கேச்" எண்ணைப் பார்த்து, இவ்வளவும் கெர்னல் விட்டுக்கொடுத்துவிடும் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். 32 ஜிபி சர்வர் ஒன்றில் பஃப்/கேச் 20 ஜிபி, ஷேர்டு 14 ஜிபி என்று காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 14, 20-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அப்படியானால் எளிதாக விடுபடக்கூடியது அதிகபட்சம் மீதி 6 ஜிபிதான். ப்ராக் ஃபைல்சிஸ்டத்தின் மெம்இன்ஃபோவில் "ஷ்மெம்" என்ற வரியும் இதே எண்ணைச் சொல்லும். மானிட்டரிங் டாஷ்போர்டில் இதற்கென்று ஒரு கோடு இல்லையென்றால் இன்றே சேருங்கள்.

யார் வைத்திருக்கிறார்கள் என்று மூன்று இடங்களில் தேடுங்கள். டிஎஃப் கமாண்டில் டெம்ப்எஃப்எஸ் வகையை மட்டும் கேட்டால் டெவ்-எஸ்எச்எம், ரன், டெம்ப் ஆகியவற்றில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ஐபிசிஎஸ்ஸை -எம் ஆப்ஷனோடு ஓட்டினால் சிஸ்டம்-ஃபைவ் செக்மெண்ட்களின் அளவு, சொந்தக்காரர், எத்தனை பிராசஸ் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதைக் காட்டும் என்அட்டாச் எண், எல்லாம் வரும். அதோடு -பி சேர்த்தால் உருவாக்கிய பிராசஸின் எண்ணும் கடைசியாகத் தொட்ட பிராசஸின் எண்ணும் கிடைக்கும். மூன்றாவது இடத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: பெயர் அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் ஃபைல்கள். டெவ்-எஸ்எச்எம்மில் ஆர்எம் அடித்து அழித்த ஃபைலை ஏதாவது ஒரு பிராசஸ் இன்னும் மேப் செய்து வைத்திருந்தால், எல்எஸ்-ஸில் ஒன்றும் தெரியாது. ராம் மட்டும் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப்பில் "டெலிட்டட்" அல்லது "டெல்" என்று வரும் வரிகளைத் தேடுங்கள். மெம்எஃப்டி வகையும் அங்கேதான் சிக்கும்.

கொஞ்சமாவது ஸ்வாப் வையுங்கள். "ராம் நிறைய இருக்கிறது, ஸ்வாப் எதற்கு" என்பவர்களுக்குப் பதில் இதுதான்: ஸ்வாப் என்பது ராம் பற்றாக்குறைக்கான அவசர நிதி மட்டுமல்ல, ஷேர்டு மெமரி வெளியே போவதற்கான ஒரே வாசல். எப்போதோ ஒரு தடவை எழுதிவிட்டு யாரும் தொடாத பேஜ்கள் வாரக்கணக்கில் ராமில் குந்தியிருக்கும். அவற்றை வெளியே தள்ள வழி இருந்தால், அந்த இடம் உருப்படியான ஃபைல் கேச்சுக்குக் கிடைக்கும். டிஸ்க் ஸ்வாப் பிடிக்காவிட்டால் இசட்ராம் போடுங்கள். ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும்.

ஒவ்வொரு டெம்ப்எஃப்எஸ்ஸுக்கும் வரம்பு போடுங்கள். அளவு எதுவும் சொல்லாமல் மவுண்ட் செய்தால் ராமில் பாதி வரை போகலாம் என்பது இயல்பு அமைப்பு. இது மொத்தத்துக்கு அல்ல, ஒவ்வொரு மவுண்டுக்கும். இரண்டு மவுண்ட் நிரம்பினாலே ராம் முழுவதும் கணக்கில் போய்விடும். டெபியன் 13-இலிருந்து டெம்ப் டைரக்டரியே டெம்ப்எஃப்எஸ்ஸாக வருகிறது. பழைய பழக்கத்தில் அங்கே பெரிய டம்ப் ஃபைலைக் கொட்டினால் அது டிஸ்கில் அல்ல, ராமில் போய் உட்காரும். ரீமவுண்ட் செய்து அளவை மாற்றச் சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இப்போது நிரம்பியிருப்பதற்குக் கீழே குறைக்க முடியாது.

கண்டெய்னருக்கு ஷேர்டு மெமரி அளவைச் சொல்லிக் கொடுங்கள். டாக்கர் தருவது வெறும் 64 எம்பி. பைடார்ச்சின் டேட்டாலோடர் பல வொர்க்கரோடு ஓடும்போதும், கண்டெய்னருக்குள் குரோம் ஓடும்போதும் இது போதாமல் விழுவது பழைய கதை. எஸ்எச்எம்-சைஸ் ஆப்ஷனில் கூட்டுங்கள். கூட்டும்போது கண்டெய்னரின் மெமரி லிமிட்டையும் சேர்த்துக் கூட்டுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே கணக்கில்தான் கழியும். எது தீர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: "பஸ் எரர்" என்று செத்தால் பெரும்பாலும் டெவ்-எஸ்எச்எம் நிரம்பியிருக்கிறது, "கில்டு" என்று செத்தால் மெமரி லிமிட் தட்டியிருக்கிறது.

கோட் எழுதுபவர் நீங்கள் என்றால், இடத்தை முன்கூட்டியே பிடித்துவையுங்கள். எஃப்ட்ரங்கேட் அளவை மட்டும்தான் எழுதிவைக்கும், பேஜ் எதையும் ஒதுக்காது. பிறகு மேப் செய்து எழுதும்போது டெம்ப்எஃப்எஸ் நிரம்பியிருந்தால் எரர் கோட் வராது, சிக்பஸ் சிக்னல் வந்து பிராசஸ் அப்படியே விழும். போசிக்ஸ்-எஃப்அலோகேட் அழைத்தால் "இடம் இல்லை" என்ற பதில் தொடக்கத்திலேயே கையில் கிடைக்கும். அதை வைத்து நாகரிகமாக ஒதுங்கிக்கொள்ளலாம்.

எல்லோரும் ஒட்டிக்கொண்டதும் அழிப்புக் குறி போட்டுவிடுங்கள். சிஸ்டம்-ஃபைவ் செக்மெண்ட்டுக்கு ஐபிசி-ஆர்எம்ஐடி சொன்னால் உடனே மறையாது. கடைசிப் பிராசஸ் விலகும்போதுதான் போகும். போசிக்ஸுக்கு எஸ்எச்எம்-அன்லிங்க்கும் அப்படியே. முதலிலேயே செய்து வைத்தால், நடுவில் எத்தனை பேர் கிராஷ் ஆனாலும் அநாதைச் செக்மெண்ட் மிஞ்சாது. "க்ளீனப் ஃபங்ஷனில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்களின் சர்வர்களில்தான் என்அட்டாச் 0 என்ற வரிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

தேவை முடிந்த பகுதியைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுங்கள். எம்அட்வைஸில் ரிமூவ் ஆப்ஷன், அல்லது எஃப்அலோகேட்டில் பஞ்ச்-ஹோல். இரண்டும் அடியில் இருக்கும் பேஜையே விடுவிக்கும், டெம்ப்எஃப்எஸ்ஸில் வேலை செய்யும். உள்ளே இருந்த டேட்டா போய்விடும் என்பதை மறக்காதீர்கள்; மற்ற பிராசஸ்களுக்கும் அங்கே பூஜ்ஜியம்தான் தெரியும்.

பெரிய டேட்டாபேஸ் என்றால் பேஜ் டேபிளையும் கணக்குப் பாருங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ்ஸில் ஷேர்டு பஃபர் 8 ஜிபி. பேஜ் 4 கேபி என்றால் சுமார் 21 லட்சம் பேஜ். ஒவ்வொன்றுக்கும் பேஜ் டேபிளில் 8 பைட் பதிவு. மொத்தம் 16 எம்பி. பஃபர் பொதுவானது, பேஜ் டேபிள் பொதுவானது அல்ல. ஒவ்வொரு பிராசஸும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளும். 500 கனெக்‌ஷன்கள் நாளடைவில் பஃபர் முழுவதையும் தொட்டுவிட்டால் 500 பெருக்கல் 16 எம்பி, அதாவது கிட்டத்தட்ட இன்னொரு 8 ஜிபி. பஃபருக்குக் கொடுத்த அளவு பஃபரின் முகவரிப் பட்டியலுக்கும் போய்விட்டது. மெம்இன்ஃபோவில் "பேஜ்டேபிள்ஸ்" வரியைப் பாருங்கள், அதிர்ந்துபோவீர்கள். 2 எம்பி ஹ்யூஜ் பேஜுக்கு மாறினால் ஒரு பிராசஸுக்கு 16 எம்பி என்பது 32 கேபி ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ் 15 முதல், எத்தனை ஹ்யூஜ் பேஜ் வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும் பாராமீட்டர் இருக்கிறது. அதைக் கேட்டு அந்த எண்ணை வையுங்கள். கூடவே கனெக்‌ஷன் பூலர் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

சி-குரூப்பில் முதலில் தொடுபவர் யார் என்று பாருங்கள். ஷேர்டு பேஜை முதலில் தொட்ட குரூப்பின் தலையில்தான் கணக்கு விழும். மற்றவர்கள் ஓசியில் பயன்படுத்துவார்கள். தொட்ட பிராசஸை வேறு குரூப்புக்கு மாற்றினாலும் கணக்கு கூடவே போகாது. பேக்கப் வேலை ஒன்று முதலில் ஓடி எல்லாவற்றையும் தொட்டுவிட்டால் லிமிட் தட்டிச் சாவது பாவம் அந்தப் பேக்கப்தான். குரூப்பின் மெமரி-ஸ்டாட் ஃபைலில் ஷ்மெம் என்ற வரியே இருக்கிறது.

பிரஷர் எண்ணுக்கு அலர்ட் வையுங்கள். கெர்னல் 4.20 முதல் ப்ராக்கின் கீழ் பிரஷர் டைரக்டரியில் மெமரி என்ற ஃபைல் உண்டு. அதில் "ஃபுல்" எண் தொடர்ந்து ஏறினால் வேலைகள் எல்லாம் மெமரிக்காகக் காத்துக் கிடக்கின்றன என்று அர்த்தம். எத்தனை சதவீதம் நிரம்பியது என்பதைவிட இது நேர்மையான அளவு. சில டிஸ்ட்ரோக்களில் பூட் வரியில் பிஎஸ்ஐ=1 போட்டால்தான் வரும்.

செய்யக்கூடாதவை

ட்ராப்-கேச்சஸில் 3 எழுதி ஷேர்டு மெமரி குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் ஆலோசனை இது. டெம்ப்எஃப்எஸ் பேஜ் ஒன்றைக்கூட இது அசைக்காது. நல்ல ஃபைல் கேச்சை மட்டும் காலி செய்துவிட்டு, அடுத்த பத்து நிமிஷம் டிஸ்க்கை அலறவிடும். க்ரானில் இதைப் போட்டு வைத்திருக்கும் சர்வர்களும் இருக்கின்றன. உங்களுடையது அதில் ஒன்று என்றால் அந்த வரியை இப்போதே எடுத்துவிடுங்கள்.

ஓஓஎம் கில்லர் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். ஒரு பிராசஸ் எவ்வளவு பெரியது என்று அது மதிப்பெண் போடும்போது, ராமில் அந்தப் பிராசஸ் தொட்டிருக்கும் ஷேர்டு பேஜையும் சேர்த்தே எண்ணுகிறது. அதனால் டேட்டாபேஸ் பிராசஸ்தான் பெரியதாகத் தெரியும், அதுதான் பலியாகும். ஆனால் கொன்ற பிறகு அந்த ஷேர்டு பேஜ் விடுபடாது. வேறு பிராசஸ்கள் அதைப் பிடித்திருக்கின்றன, அல்லது டெவ்-எஸ்எச்எம்மில் ஃபைலாகவே கிடக்கிறது. 4.6-இல் வந்த ஓஓஎம் ரீப்பரும் ஷேர்டு மேப்பிங்கைத் தொடாமல் தாண்டிப் போகும். மெமரி கிடைக்காததால் அடுத்த பிராசஸ், அதற்கடுத்தது. டெம்ப்எஃப்எஸ்ஸில் யாரோ கொட்டிய லாக் ஃபைலுக்காக, சம்பந்தமே இல்லாத நாலைந்து சர்வீஸ்கள் சாகும். போஸ்ட்கிரெஸ் என்றால் இன்னும் மோசம்: ஒரு பேக்எண்ட் இப்படிக் கொல்லப்பட்டால் மற்ற எல்லாக் கனெக்‌ஷனையும் வெட்டிவிட்டு ரெக்கவரிக்குப் போகும். தலைமைப் பிராசஸுக்கு ஓஓஎம்-ஸ்கோர்-அட்ஜ் -1000 வைப்பது அதன் டாக்குமெண்டேஷனே சொல்லும் வழி.

கில் -9 அடித்தால் செக்மெண்ட் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பெயரில்லாத ஷேர்டு மேப்பிங் மட்டும்தான் கடைசிப் பிராசஸோடு போகும். பெயருள்ளவை யாராவது அழிக்கும் வரை, அல்லது ரீபூட் வரை, அங்கேயே இருக்கும்.

என்அட்டாச் 0 என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஐபிசிஆர்எம் அடிக்காதீர்கள். சில அப்ளிகேஷன்கள் ரீஸ்டார்ட்டுக்கு நடுவே டேட்டா தொலையாமல் இருக்க வேண்டும் என்றே செக்மெண்ட்டை விட்டுவைக்கும். உருவாக்கிய யூசர் யார், கடைசியாக எப்போது தொட்டது என்று பார்த்து, அந்த டீமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழியுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.3 முதல் தன் பெரிய மெமரியை இங்கே வைப்பதில்லை. ஒரே டேட்டா டைரக்டரியில் இரண்டு சர்வர் ஓடாமல் பார்த்துக்கொள்ளத் துளி அளவில் ஒரு செக்மெண்ட் மட்டும் வைத்திருக்கும். அது சின்னதாக இருக்கிறதே, குப்பை என்று நினைத்து அழிப்பவர்கள் உண்டு.

ஸ்வாப்பினஸ்ஸை 0 ஆக்காதீர்கள். டேட்டாபேஸ் சர்வர் என்றாலே 0 வைக்க வேண்டும் என்று ஒரு ஐதீகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2.6.28-இலிருந்து ஷேர்டு மெமரி பேஜ்கள் இருப்பது அனானிமஸ் பேஜ்களின் பட்டியலில். 0 என்றால் நிலைமை முற்றும் வரை அந்தப் பட்டியலைக் கெர்னல் தொடாது; ஃபைல் கேச்சை மட்டுமே சுரண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமின் கோட் பேஜும் ஃபைல் கேச்தானே, அதுவும் போய்ப் போய் வரும், சர்வர் உறைந்ததுபோல் நிற்கும். இயல்பு 60, 5.8 முதல் 200 வரை வைக்கலாம். குறைத்தே ஆக வேண்டும் என்றால் 10-இல் நிறுத்துங்கள்.

லோடு இருக்கும்போது ஸ்வாப்ஆஃப் அடிக்காதீர்கள். வெளியே போன பேஜ் அத்தனையையும் ராமுக்குள் திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். இடம் இல்லாமல்தானே வெளியே போயின?

எம்அட்வைஸ் டோன்ட்நீட் ஷேர்டு பேஜை விடுவிக்கும் என்று எண்ணாதீர்கள். உங்கள் பிராசஸின் ஆர்எஸ்எஸ் எண் குறையும், கிராஃப் அழகாக இறங்கும். அடியில் பேஜ் அப்படியே இருக்கும். இதை நம்பி "மெமரியைக் குறைத்துவிட்டோம்" என்று ரிலீஸ் நோட் எழுதாதீர்கள்.

பிராசஸ்களின் ஆர்எஸ்எஸ்ஸைக் கூட்டி மொத்தம் போடாதீர்கள். ஒரே ஷேர்டு பேஜ் நூறு பிராசஸில் நூறு முறை எண்ணப்படும். ஸ்மாப்ஸ் ஃபைலில் பிஎஸ்எஸ் இருக்கிறது. பேஜைப் பங்கு போட்டுக் கணக்குச் சொல்லும். 4.14 முதல் ஸ்மாப்ஸ்-ரோல்அப் ஃபைல் மொத்தத்தையே கூட்டித் தரும்.

எல்லாவற்றையும் எம்லாக் செய்யாதீர்கள். லாக் செய்த பேஜ் வெளியேற்ற முடியாத பட்டியலுக்குப் போய்விடும். ஸ்வாப் எவ்வளவு இருந்தும் பயனில்லை. லேட்டன்சி உயிர்நாடியான சின்னப் பகுதிக்கு மட்டும் வையுங்கள்.

ஹ்யூஜ் பேஜை அள்ளி ஒதுக்காதீர்கள். ஒதுக்கியதும் அந்த ராம் மற்றவர்களுக்கு இல்லை, ஸ்வாப்பும் ஆகாது. டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளாமல் விட்டால் சும்மாவே கிடக்கும். மெம்இன்ஃபோவில் "ஹ்யூஜ்பேஜஸ்-ஃப்ரீ" எண்ணிலிருந்து "ஆர்எஸ்விடி" எண்ணைக் கழித்து வருவது பெரிதாக இருந்தால், அத்தனையும் வீண்.

ரேம்எஃப்எஸ் பக்கம் போகாதீர்கள். அளவுக் கட்டுப்பாடும் இல்லை, ஸ்வாப்பும் இல்லை. 6.4-இல் டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு நோ-ஸ்வாப் ஆப்ஷன் வந்திருக்கிறது. ரகசிய விஷயம் டிஸ்கில் படியக்கூடாது என்பவர்கள் வரம்போடு அதை வைத்துக்கொள்ளலாம்.

பழைய கையேட்டிலிருந்து எஸ்எச்எம்மேக்ஸ் வரியை காப்பி அடிக்காதீர்கள். ஒரு காலத்தில் இயல்பு 32 எம்பி, அதனால் கூட்ட வேண்டியிருந்தது. 3.16 முதல் இயல்பே நடைமுறையில் வரம்பில்லை. இன்று அந்த வரியைப் போடுகிறவர் உயர்த்துவதாக நினைத்துத் தாழ்த்துகிறார்.

சாதாரண யூசரில் டேட்டாபேஸ் ஓட்டிக்கொண்டு சிஸ்டம்டியின் ரிமூவ்ஐபிசி-யைக் கவனிக்காமல் விடாதீர்கள். அது "எஸ்" என்று இருந்தால், அந்த யூசர் லாக்அவுட் ஆனதும் லாகின்டி அவருடைய ஷேர்டு மெமரியையும் செமஃபோரையும் துடைத்துவிடும். சிஸ்டம் யூசருக்கு இந்தத் தொல்லை இல்லை. டேட்டாபேஸை அப்படி ஒரு யூசருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் லாகின்டி கான்ஃபிகில் "நோ" என்று எழுதுங்கள்.

குபர்நெட்டிஸ் நோடில் மெமரி வகை எம்ப்டி-டைரை அளவு சொல்லாமல் கொடுக்காதீர்கள். அது டெம்ப்எஃப்எஸ்தான். கியூப்லெட் இயல்பில் ஸ்வாப் இருந்தால் ஸ்டார்ட் ஆகவே மறுக்கும் என்பதால், பல நோடுகளில் வெளியேற்றவும் வழி கிடையாது. எழுதிய ஒவ்வொரு பைட்டும் கண்டெய்னரின் லிமிட்டிலிருந்தே கழியும்.

தடயம் எடுக்காமல் ரீபூட் செய்யாதீர்கள். ரீபூட் ஷேர்டு மெமரி முழுவதையும் துடைத்துவிடும், காரணத்தையும் சேர்த்து. மெம்இன்ஃபோ, ஐபிசிஎஸ், டிஎஃப், எல்எஸ்ஓஎஃப் நான்கின் அவுட்புட்டையும் டிஸ்கில் இருக்கும் ஒரு டைரக்டரியில் கொட்டிவிட்டுப் பிறகு செய்யுங்கள். ஒரு நிமிஷ வேலை. டெம்ப் டைரக்டரியில் கொட்டாதீர்கள், அதுவும் ராமாக இருக்கலாம். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே இதே நான்கையும் ஒரு தடவை எடுத்துச் சேமித்து வையுங்கள். அடுத்த அலர்ட் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் அது இருக்க வேண்டும்.